பூட்டிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் புது ஓஎஸ்: எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள்

அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் குவிந்து கிடக்கின்றன. டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட். அதே காசுக்குப் புதிதாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் லேப்டாப்பைவிட இவை எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. கீபோர்டு நன்றாக இருக்கும், கழற்றி ரேம் மாற்றலாம், உதிரி பாகம் கிடைக்கும். சிக்கல் ஒன்றுதான்: பழைய கம்பெனி போட்ட பூட்டும் சேர்ந்தே வரும்.

நான் வாங்கியது லேட்டிட்யூட் 7490. ஆன் செய்தால் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர், அதன் கீழே பாஸ்வேர்ட் கட்டம். "ஓஎஸ் போட்டுக்கிட்டா எல்லாம் போயிடும் சார்" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பாதிதான் சரி. டிஸ்க்கில் இருக்கும் பூட்டு ஓஎஸ் போட்டால் போகும். மதர்போர்டில் இருப்பதும், எங்கோ ஒரு சர்வரில் இருப்பதும் போகாது. இது தெரியாமல் பென் டிரைவைச் செருகிப் பயனில்லை.

பூட்டு எங்கே இருக்கிறது?

விண்டோஸ் பாஸ்வேர்ட் மட்டும் என்றால் கவலையே வேண்டாம். டிஸ்க்கை அழித்தால் அதுவும் அழியும். நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் அது பிட்லாக்கர், டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. உள்ளே இருக்கும் ஃபைல்கள் வேண்டுமானால்தான் அந்தக் கீ தேவை. அது வேறொருவருடைய டேட்டா, நமக்கு வேண்டாம். அழித்துவிடலாம்.

அடுத்தது பயாஸ் பாஸ்வேர்ட். பயாஸ் என்பது மதர்போர்டிலேயே இருந்து, ஓஎஸ்ஸுக்கு முன்னால் எழும் புரோகிராம். ஆன் செய்தவுடன் எஃப்2 தட்டுங்கள் (திங்க்பேட் என்றால் எஃப்1, எச்பி என்றால் எஃப்10). உள்ளே போய் எந்த அமைப்பையும் மாற்ற முடிகிறதா பாருங்கள். டெல்லில் கீழே "அன்லாக்" என்று ஒரு பட்டன் தெரிந்தால் அட்மின் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய டெஸ்க்டாப்பில் செய்ததுபோல் காசு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலுவலக லேப்டாப்களில் இந்தப் பாஸ்வேர்ட் மின்சாரம் போனாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோ சொல்லும் வழி. டெல்லில், மெஷின் உங்களுடையது என்று நிரூபித்தால் அவர்களுடைய சப்போர்ட் உதவும். அதற்கு பில் வேண்டும், பில்லில் சர்வீஸ் டேக் எண் இருக்க வேண்டும். ஏழு எழுத்து எண் அது. லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கரிலும் இருக்கும், பயாஸ் முதல் பக்கத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பயாஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் "கம்ப்யூட்ரேஸ்" என்று ஒன்று இருக்கும். திருடுபோன மெஷினைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு இது. "ஆக்டிவேட்" நிலையில் இருந்தால் அதை நீங்கள் திரும்ப அணைக்க முடியாது. டிஸ்க்கை மாற்றினாலும் பயாஸிலிருந்து விண்டோஸுக்குள் மறுபடி வந்து உட்காரும்.

கடைசியாக, ரொம்பப் பேருக்குத் தெரியாதது: ஆட்டோபைலட். கம்பெனி தன் லேப்டாப்பின் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிந்து வைத்திருக்கும். புதிதாக விண்டோஸ் போட்டு வைஃபை இணைத்ததும் "உங்கள் கம்பெனி மெயில் முகவரியைக் கொடுங்கள்" என்று அந்தக் கம்பெனியின் பெயரோடு திரை வந்து நிற்கும். அந்தக் கம்பெனியின் ஐடி ஆட்கள் பதிவை நீக்கினால்தான் போகும். இதில் ஒரு தந்திரம் நடக்கிறது. நெட் இணைக்காமல் விண்டோஸ் போட்டால் இந்தத் திரை வராது. அப்படிப் போட்டு விற்றுவிடுவார்கள். நீங்கள் ஒரு வருடம் கழித்து ரீசெட் செய்யும்போதுதான் பூதம் கிளம்பும். அதனால் "ஆட்டோபைலட் வந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ்) போட்டால் இது எட்டிப் பார்க்காது, உண்மைதான். ஆனால் பதிவை நீக்காமல் ஒரு கம்பெனி ஏன் லேப்டாப்பை வெளியே விட்டது என்ற கேள்வியை முதலில் விற்றவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் லினக்ஸ் போடுங்கள்.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். ஐ5-8350யூ, ஐ5-8250யூ என்று 8இல் தொடங்கினால் சரி. ஐ5-7300யூ என்றால் ஏழாம் தலைமுறை, மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. லேட்டிட்யூட் 7480க்கும் 7490க்கும் மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, விஷயமே உள்ளே இருக்கும் ப்ராசஸரில்தான் இருக்கிறது. "விண்டோஸ் 11 ஓடுகிறதே" என்று திரையைக் காட்டினால் மயங்க வேண்டாம். பரிசோதனையைத் தாண்டிப் போடுவதற்கு வழி உண்டு, கடைக்காரர்களுக்கு அது அத்துப்படி.

எனக்கு பிரவுசரும் எழுதுவதும் மட்டும்தான் என்பதால் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரை அப்டேட் உண்டு. டாலி, போட்டோஷாப் வேண்டும் என்பவர்கள் விண்டோஸே போடுங்கள்.

பென் டிரைவ்

8 ஜிபி போதும். உள்ளே இருப்பதெல்லாம் அழியும். வேறொரு விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் (பென் டிரைவில் ஓஎஸ்ஸை எழுதும் கருவி) இறக்கி, ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலைக் காட்டி, பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ என்று வைத்து ஸ்டார்ட். மின்ட் என்றால் "ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா" என்று கேட்கும், ஐஎஸ்ஓ என்றே விடுங்கள். வென்டாய் நல்ல கருவிதான், பத்து ஐஎஸ்ஓவை ஒரே பென் டிரைவில் வைக்கலாம். ஆனால் செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாததைப் பூட் ஆக விடாத பயாஸ் பாதுகாப்பு) இருக்கும் மெஷினில் முதல் தடவை சாவியைப் பதியச் சொல்லி ஒரு நீலத் திரை காட்டும். புதியவர்கள் அங்கே பயந்துவிடுகிறார்கள். ரூஃபஸ் போதும்.

பென் டிரைவிலிருந்து பூட்

பென் டிரைவைச் செருகி, ஆன் செய்து, டெல் லோகோ வந்ததும் எஃப்12 தட்டிக்கொண்டே இருங்கள் (லெனோவோவும் எஃப்12, எச்பி எஃப்9). பட்டியலில் பென் டிரைவின் பெயர் வரும்.

லோகோ கண் சிமிட்டும் நேரத்தில் போய் விண்டோஸ் வந்துவிடுகிறதா? பாஸ்வேர்ட் தெரியாத அந்தத் திரையிலேயே ஒரு வழி இருக்கிறது. வலது கீழ் மூலையில் பவர் குறியைச் சொடுக்கி, ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி "ரீஸ்டார்ட்" கொடுங்கள். நீலத் திரை வரும். அதில் "யூஸ் எ டிவைஸ்", அப்புறம் பென் டிரைவ். இல்லையென்றால் பயாஸில் "ஃபாஸ்ட்பூட்" என்பதைத் "தரோ" என்று மாற்றுங்கள். லோகோ கொஞ்சம் மெதுவாகப் போகும்.

பென் டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் பாஸ்வேர்ட் கேட்டால் அது பயாஸ் அட்மின் பாஸ்வேர்ட். மேலே சொன்ன கதைதான். கடைக்குத் திரும்புங்கள்.

டிஸ்க்கையே காணோம்!

எனக்கு நேரம் தின்ற இடம் இது. மின்ட் அழகாகத் திறந்தது. வைஃபை வந்தது. "இன்ஸ்டால்" கொடுத்து, மொழி, கீபோர்டு எல்லாம் தாண்டி வந்தால், எங்கே போடுவது என்று கேட்க வேண்டிய இடத்தில் இன்டெல் ஆர்எஸ்டியை (இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக ஏற்பாடு) அணைத்துவிட்டு வாருங்கள் என்று நிற்கிறது. டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான ஜிபார்ட்டெட்டைத் திறந்து பார்த்தால் பட்டியலில் பென் டிரைவ் மட்டும். 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்த சுவடே இல்லை. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புது எஸ்எஸ்டி விலை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் பலர். விண்டோஸ் லாக் திரை வரை போன மெஷினில் டிஸ்க் எப்படிச் சாகும்?

லேட்டிட்யூட்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பயாஸில் "சாட்டா ஆபரேஷன்" என்பது "ரெய்ட் ஆன்" என்று இருக்கும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவதுதான் ரெய்ட். உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான், ரெய்டுக்கு வேலையே இல்லை. இருந்தாலும் அந்த நிலையில் இன்டெல் சிப்செட் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க்கைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறது. இன்டெல் டிரைவர் இருந்தால்தான் தெரியும். விண்டோஸிடம் அந்த டிரைவர் இருக்கிறது, லினக்ஸுக்கு டிஸ்க் தெரியாது. சந்தேகமாக இருந்தால் மின்ட்டிலேயே டெர்மினல் திறந்து கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதி வைக்கும் பதிவைப் பாருங்கள். இடம் மாற்றப்பட்ட ஒரு என்விஎம்இ டிஸ்க் இருக்கிறது, பயாஸில் ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு (டிஸ்க்கை ஒளிக்காமல் காட்டும் நிலை) மாற்று என்று ஒரு வரி கிடக்கும். கர்னல் இவ்வளவு தெளிவாக வழி சொல்வது அபூர்வம்.

மாற்றுவது சுலபம். எஃப்2, "சிஸ்டம் கான்ஃபிகரேஷன்", அதற்குள் "சாட்டா ஆபரேஷன்", "ஏஎச்சிஐ". இப்போதிருக்கும் ஓஎஸ் பூட் ஆகாமல் போகலாம் என்று ஒரு பெட்டி மிரட்டும். அழிக்கப் போகிறோம், போனால் போகட்டும். "யெஸ்", "அப்ளை", "எக்சிட்". மறுபடி எஃப்12. இப்போது ஜிபார்ட்டெட்டில் எஸ்எஸ்டி வந்து நிற்கும்.

விண்டோஸ் 11 போடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வரும். எட்டாம் தலைமுறை மெஷினில் பெரும்பாலும் வராது. பதினொன்றாம் தலைமுறையும் அதற்கு மேலும் என்றால் "விஎம்டி" என்ற ஏற்பாட்டால் இன்ஸ்டாலர் வெறும் பட்டியலைக் காட்டும். பயாஸில் விஎம்டியை அணையுங்கள், அல்லது உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென் டிரைவில் போட்டு "லோட் டிரைவர்" கொடுங்கள்.

அழித்தல், நிறுவுதல்

மின்ட்டில் "எரேஸ் டிஸ்க்" கொடுத்தால் போதும் என்பார்கள். பிட்லாக்கர் இருந்த டிஸ்க்கில் இன்ஸ்டாலர் சில சமயம் அடம் பிடிக்கும். நான் செய்வது: ஜிபார்ட்டெட்டில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து (மேலே வலது பக்கம் அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு), "டிவைஸ்" மெனுவில் "கிரியேட் பார்ட்டிஷன் டேபிள்", வகை ஜிபிடி. அப்புறம் இன்ஸ்டாலருக்குப் போவது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் பழைய பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக டிலீட் செய்து, ஒரே வெற்று இடமாக ஆன பிறகு அதைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. பழைய டேட்டா மிச்சமில்லாமல் போக வேண்டும் என்றால் டெல் பயாஸில் "மெயின்டனன்ஸ்" கீழே "டேட்டா வைப்" இருக்கிறது. எனக்குப் பிடித்த வழி அது. அடுத்தவர் ஆவணம் நம் டிஸ்க்கில் எதற்கு?

விண்டோஸ் ப்ராடக்ட் கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்று தாண்டுங்கள். இந்த வகை மெஷின்களில் கீ பயாஸுக்குள்ளேயே பதிந்திருக்கும். ப்ரோவோடு வந்த மெஷினில் ப்ரோ போட்டால் நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். கீயை யாரிடமும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் மாட்டிக்கொண்ட இடங்கள்

ஒருவருக்கு எல்லாம் முடிந்த பிறகு எந்த இணையதளமும் திறக்கவில்லை, "இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்றே வந்தது. மூலையில் தேதியைப் பார்க்கச் சொன்னேன், சில வருடம் பின்னால் இருந்தது. கிடங்கில் கிடந்த லேப்டாப்பில் காசு பேட்டரி தீர்ந்து தேதி பின்வாங்கிவிடும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தச் சான்றிதழையும் ஏற்காது, விண்டோஸ் ஆக்டிவேஷனும் நடக்காது. பயாஸில் தேதியைத் திருத்துங்கள். மறுநாளே பழையபடி ஆனால் பேட்டரியை மாற்றுங்கள். லேப்டாப்பில் அது வயரோடு வரும், அப்படியே கேட்டு வாங்க வேண்டும்.

மின்ட் நிறுவும்போது "மல்டிமீடியா கோடெக்ஸ்" என்பதை டிக் செய்தால், செக்யூர் பூட் இருக்கும் மெஷினில் ஒரு பாஸ்வேர்ட் கேட்கிறது. பலரும் இதை லாகின் பாஸ்வேர்ட் என்று நினைக்கிறார்கள். ரீஸ்டார்ட் ஆனதும் வரும் நீலத் திரையில் ஒரு தடவை கேட்பதற்காகத்தான் அது. "என்ரோல் எம்ஓகே", "கன்டினியூ", "யெஸ்", அந்தப் பாஸ்வேர்ட். முடிந்தது.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு மின்ட்டும் வேண்டும் என்று கேட்டவருக்கு: ஏஎச்சிஐக்கு நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸ் எப்படிப் பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் கருவி) சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்து, அந்த இடைவெளியில் பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை நுழைந்து, எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் அதற்கும் முன்பே அணைத்துவிட வேண்டும். விண்டோஸ் பாஸ்வேர்ட் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி.

தமிழ் டைப்பிங் பற்றியும் கேட்டிருந்தார்கள். மின்ட்டில் கீபோர்டு அமைப்பில் "லேயவுட்ஸ்" போய்க் கூட்டல் குறியை அழுத்தினால் "தமிழ் (தமிழ்நெட் '99)" கிடைக்கும். அதில் புள்ளி தானாக விழாது, ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டும். தமிழ்99 பழகிய கைக்கு எரிச்சல். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற டைப்பிங் கருவியைத் தேடி நிறுவி, அதில் தமிழ்99 சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை லாக் அவுட் செய்துவிட்டு வந்தால்தான் பட்டியலில் தெரியும்.