ரஷ்யாவை வரைய எல்லையில் தொடங்காதீர்கள்

ரஷ்யா வரைபடம் வரையச் சொன்னால் பிள்ளைகள் எல்லைக்கோட்டில் ஆரம்பித்து, பால்டிக் கடலோரத்தைத் தாண்டுவதற்குள் சலித்துப்போய் பென்சிலை வைத்துவிடுவார்கள். சுமார் 1.7 கோடி சதுர கிலோமீட்டர் நாடு அது. என் வகுப்பில் எல்லையைத் தொடவே விடுவதில்லை. மலையும் ஆறும்தான் முதலில்.

ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து, இடமிருந்து வலமாக ஐந்து சம பாகமாக மடியுங்கள். இடது ஓரம் கிழக்குத் தீர்க்கரேகை 30 டிகிரி, வலது ஓரம் 180. மடிப்புக்கு மடிப்பு 30 டிகிரி. மேற்கே கலினின்கிராடு பகுதியும், வடகிழக்கே சுகோத்கா பகுதியின் கிழக்கு முனையும் தாளுக்கு வெளியே போய்விடும். போகட்டும்.

முதல் மடிப்பின் மேலேயே யூரல் மலைத்தொடரைப் பழுப்பு நிறத்தில் இழுங்கள். அழுத்த வேண்டாம், அதன் உயர்ந்த சிகரமே 1,895 மீட்டர்தான். அதற்கு இடப்பக்கம் வோல்கா ஆறு. வல்டாய் மேட்டில் பிறந்து, கிழக்கே கசான் நகரம் வரை போய், தெற்கே திரும்பி காஸ்பியன் கடலில் கலக்கட்டும்.

இரண்டாவது மடிப்பை ஒட்டி, தெற்கிலிருந்து வடக்கே எனிசேய் ஆறு. யூரலுக்கும் எனிசேய்க்கும் நடுவே, அல்தாய் மலையிலிருந்து வடமேற்காகச் சாய்ந்து ஓப் ஆறு. இதற்குக் கட்டாயம் அம்புக்குறி போடுங்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன். ஏப்ரலில் தெற்கே பனி உருகத் தொடங்கிவிடுகிறது. வடக்கே கழிமுகம் அப்போதும் பாறையாக உறைந்து கிடக்கிறது. வருகிற வெள்ளம் எங்கே போகும்? யாராவது ஒருவர் “பக்கத்துல பரவும் சார்” என்பார். அதேதான். பனிக்கட்டிகள் அடைத்துக்கொள்ள, தண்ணீர் கரை புரண்டு பரவுகிறது. மேற்கு சைபீரியச் சமவெளியோ தட்டை நிலம், சரியான வடிகால் கிடையாது. வாஸ்யுகான் சதுப்பு மட்டுமே சுவிட்சர்லாந்தைவிடப் பெரியது. ஓப் ஆற்றின் நடுப்பகுதிக்குத் தென்மேற்கே நீலச் சிறுகோடுகளால் அதை நிரப்புங்கள்.

அப்புறம் பைக்கால் ஏரி. இரண்டாவது மடிப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, தாளின் கீழ்ப்பகுதியில் ஒரு பிறை. ஆழம் 1,642 மீட்டர். உறையாத மேற்பரப்பு நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான். இதிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு அங்காரா. அதைக் கொண்டுபோய் எனிசேயில் சேருங்கள். ஏரிக்கு மேற்கே சில கிலோமீட்டரிலேயே லேனா ஆறு பிறக்கிறது, ஆனால் ஏரித் தண்ணீர் அதற்கு வருவதில்லை. லேனாவை வடகிழக்கே ஓட்டி, மூன்றாவது மடிப்பைத் தாண்டி யாகுட்ஸ்க் நகரத்தைத் தொட்டு, வடக்கே விசிறி டெல்டாவாக முடியுங்கள்.

எனிசேய்க்குக் கிழக்கே முழுவதும் பென்சிலால் மெல்லச் சாயமிடுங்கள். பெரும்பாலும் நிரந்தர உறைநிலம். கட்டடத்தின் சூட்டில் மண் இளகிவிடும் என்பதால் யாகுட்ஸ்கில் வீடுகள் தரையைத் தொடாமல் தூண்கள்மேல் நிற்கின்றன. கோடையில் மேல்மண் மட்டுமே இளகும்; அந்த அளவுக்கு வேரை வைத்துப் பிழைக்கும் லார்ச் மரம்தான் இங்கே காடு. ஊசியிலை மரமாக இருந்தும் குளிருக்கு முன் இலை உதிர்க்கும்.

நான்காவது மடிப்புக்கு வலப்பக்கம் கம்சாத்கா தீபகற்பம் தொங்கட்டும். எரிமலைகளுக்குச் சிவப்புப் புள்ளி. வட விளிம்பில் மரமில்லாத தூந்திராவுக்குச் சாம்பல், நடுவே ஊசியிலைக் காடான தைகாவுக்குப் பச்சை, இடது கீழ்மூலையில் ஸ்டெப்பி எனும் கரிசல் புல்வெளிக்கு மஞ்சள்.

கடைசியில் எல்லை. வடக்கே ஆறுகளின் கழிமுகங்களை இணைத்தால் கடற்கரை. தெற்கே அல்தாய், சயான் மலைகள், தென்கிழக்கே அமூர் ஆறு, தென்மேற்கே காகசஸ். அங்கே எல்ப்ரூஸ் சிகரத்துக்கு ஒரு முக்கோணம் வைத்து 5,642 மீட்டர் என்று எழுதுங்கள்.