ஹவாயில் பழ ஈயை வளர்த்துவிடும் தவறுகள்

ஹவாய்த் தீவுகளில் பழத்தையும் காயையும் பெரிதாகக் கெடுக்கும் நான்கு பழ ஈக்களுமே வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. பூசணி, வெள்ளரி வகைகளைத் தாக்கும் மெலன் ஈ 1895 வாக்கில் வந்தது. 1910இல் மத்தியதரைக்கடல் பழ ஈயும், 1940களின் நடுவில் ஓரியண்டல் பழ ஈயும், 1983இல் மிளகாய், தக்காளியில் விழும் மலேசியப் பழ ஈயும் கண்டுபிடிக்கப்பட்டன. இனி இவற்றோடுதான் விவசாயம். ஆனால் சேதத்தில் பெரும்பகுதி நம் பழக்கங்களால் வருவது.

உதிர்ந்த பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவதுதான், என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு. பெண் ஈ தோலுக்கடியில் முட்டை வைக்கும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, புழுக்கள் சதையைத் தின்றபடி வளரும். அழுகிய கொய்யா ஒன்றை வெட்டிப் பாருங்கள். முற்றிய புழு உடலை வில்லாக வளைத்துச் சட்டென்று துள்ளும். அப்படித் துள்ளி வெளியேறி, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். பத்து நாள் வாக்கில் ஈயாகப் பறக்கும். ஓரியண்டல் பழ ஈயில் ஒரு பெண் மட்டுமே வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டை வைக்கக்கூடியது. மேலே மருந்தடித்துக்கொண்டு கீழே பழத்தை அழுகவிட்டால் அடித்த மருந்து வீண்தான்.

பொறுக்கிய பழத்தை உரக்குழியில் கொட்டுவதும், மேலாக மண் தள்ளி மூடுவதும் போதாது. குழி நன்றாகச் சூடேறாவிட்டால் புழு பிழைத்துக்கொள்ளும். மெல்லிய மண்ணைக் கிளறிக்கொண்டு ஈ வெளியே வந்துவிடும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி வெயிலில் வைக்கலாம். ஹவாயில் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: வலைக் கூடாரம். உள்ளே பழத்தைக் கொட்டி மூடிவிடுவார்கள். பழத்திலிருந்து வரும் ஈயால் வலைக் கண் வழியே வெளியேற முடியாது. ஈயை அழிக்கும் சிறிய ஒட்டுண்ணிக் குளவியோ எளிதாக வெளியேறி மீண்டும் தோட்டத்துக்கே போகும்.

அந்தக் குளவிகளை மறந்துவிட்டு, கிடைத்த பூச்சிக்கொல்லியைத் தோட்டம் முழுக்க அடிப்பது அடுத்த தவறு. ஈயின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும் குளவி ஹவாயில் நல்ல பலன் தந்ததால்தான், 2002இல் அதைப் பசிபிக்கின் இன்னொரு தீவான தாஹிதிக்கும் கொண்டுபோய் விட்டார்கள். தவிர, மெலன் ஈ பகலின் பெரும்பகுதியைப் பயிரில் கழிப்பதில்லை. வரப்போரத்துச் சோளம் போன்ற செடிகளில் தங்கிவிட்டு, முட்டை வைக்கத்தான் கொடிக்கு வரும். புரதம் கலந்த நச்சுணவை அந்த ஓரச் செடிகளில் தெளித்தால் மருந்தும் குறையும், ஈயும் சிக்கும்.

பொறி விஷயத்துக்கு வருவோம். மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி நிரம்பியதைப் பார்த்துப் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அதில் விழுவது ஆண் ஈ. மிஞ்சிய ஆண்கள் பல பெண்களோடு கூடிவிடும், முட்டை வைப்பது நிற்காது. அந்தப் பொருளும் ஓரியண்டல் பழ ஈக்குத்தான். மெலன் ஈக்கு க்யூலூர், மத்தியதரைக்கடல் ஈக்கு ட்ரைமெட்லூர் என்று கவர்ச்சிப் பொருளே வேறு. பசிபிக்கில் ரோட்டா என்ற சிறு தீவில் 1960களில் மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைகளைக் கொண்டே ஓரியண்டல் பழ ஈயை ஒழித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது தீவு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த வேலை. ஒரு தோட்டத்தில் நாலு பொறி தொங்கவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காய் பழுக்கத் தொடங்கியபின் உறை போடுவதும் காலங்கடந்த வேலை. பாகல், பூசணிக்குப் பூ உதிர்ந்ததுமே போட வேண்டும்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது பையில் பழம். ஹவாய் விமான நிலையங்களில் அமெரிக்க நிலப்பகுதிக்குப் போகும் பைகளைச் சோதிப்பது இந்த ஈக்களை எண்ணித்தான். சந்தேகமாக இருக்கும் பழத்தைச் சோதனையில் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.