தார் றோட்டில் ஓடும் பிக்கப்புக்குப் பாரம் குறைந்த ஏ.ரி. ரயர்: தெரிவு செய்யும் முறை

முதல் தடவை என் பிக்கப்புக்கு ஏ.ரி. ரயர் (தாரிலும் மண்ணிலும் ஓடக்கூடிய 'ஓல் ரெறெய்ன்' ரயர்) போட்டபோது, கடையில் இருந்ததிலேயே ஆகக் கனமானதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பார்வைக்கு வாட்டசாட்டமாக இருந்தது. "இது கல்லு மாதிரி அண்ணை" என்றார் கடைக்காரர். உண்மைதான். கல்லில் உட்கார்ந்து போவது போலத்தான் இருந்தது. ஒழுங்கையில் சின்னக் குழி வந்தாலே பின்பக்கம் துள்ளும். கிளிநொச்சி போய்வர டீசலும் கூடக் குடித்தது. ரயரில் பிழை இல்லை. என் ஓட்டத்துக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அந்தக் காசு வீணான கதையிலிருந்து படித்ததை, புதிதாக வாங்குபவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலாவது: எங்கே ஓடுகிறீர்கள் என்று எண்ணுங்கள்

இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியை டாஷ்போர்ட்டில் வையுங்கள். தாரில் எத்தனை கிலோமீற்றர், மண்ணில் எத்தனை என்று இரவில் குறியுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. திருநெல்வேலிச் சந்தை, சாவகச்சேரி, ஒரு தடவை கொழும்பு என்று எல்லாம் தார். மருதங்கேணிப் பக்கம் தென்னங்காணிக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீற்றர் மட்டும்தான் மணல். உங்கள் கணக்கும் இப்படியென்றால் தொடர்ந்து வாசியுங்கள். தினமும் கல்லும் சீமெந்தும் ஏற்றி இறக்குபவர் என்றால் கனமான ரயர்தான் உங்களுக்குச் சரி.

இரண்டாவது: கதவைத் திறந்து ஒட்டியிருப்பதைப் படியுங்கள்

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். ரயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. 265/65 ஆர் 17, 112 எஸ் என்று வைத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம். 17 என்பது அங்குலத்தில் றிம். 112 பாரக் குறியீடு: ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை.

இந்தப் பாரக் குறியீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஸ்ரிக்கரில் சொன்னதற்குக் கீழே இறங்கவே கூடாது; கார் வகை ரயராக இருந்தால் பத்து வீதமாவது மிச்சம் வைத்துக் கணக்குப் பாருங்கள். பின் அச்சுக்குத்தான் சுமை அதிகம், அதை மனதில் வையுங்கள்.

உயரமாக இருந்தால் அழகு என்று 265/70 ஆர் 17 போட ஆசை வரும். மொத்த விட்டம் 26 மில்லிமீற்றர் அளவு கூடும். மீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 62இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பாரமும் கூடும். ஆசையை விடுங்கள்.

மூன்றாவது: எல்.ரி. எழுத்தைத் தேடுங்கள்

முழு விசயமும் இங்கேதான் இருக்கிறது. அளவுக்கு முன்னால் 'எல்.ரி.' என்று இருந்தால் அது பாரவண்டிக்காகக் கட்டியது. அதோடு சி, டி, ஈ என்று ஓர் எழுத்தும் வரும். ஈ என்பது பத்து 'பிளை' தரம், அதாவது பத்து அடுக்குக்குச் சமமான பலம். உள்ளே கூடுதல் துணியும் கம்பியும் றப்பரும். எல்.ரி. என்று இல்லாதது சாதாரண வகை, மேலே சொன்ன கார் வகை. யொகோகாமா ஜியோலாண்டர், ரோயோ ஓப்பன் கன்றி போன்றவை ஒரே பெயரில் இரண்டு விதமாகவும் வரும். பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் கையில் எது வரும் என்பது அதிர்ஷ்டம். இந்த அளவில் சாதாரண வகை ஏறக்குறைய 16, 17 கிலோ. ஈ வகை 20 கிலோவைத் தாண்டும்.

நாலு சில்லுக்கும் சேர்த்து இருபது கிலோதானே, ஒரு சின்ன மூட்டை அரிசி என்று நினைக்கலாம். பெட்டியில் கிடக்கும் அரிசி சுழல்வதில்லை. கிணற்றுத் துலாவின் நுனியில் கட்டிய கல்லும் அச்சுலக்கைக்குப் பக்கத்தில் கட்டிய கல்லும் ஒரே பாரம்தான்; ஆனால் துலாவை ஆட்டிப் பார்ப்பவனின் கைக்கு இரண்டும் ஒன்றல்ல. ரயரின் பாரம் நுனிக் கல். ஒவ்வொரு சந்தியிலும் அதைச் சுழற்ற எஞ்சின் உழைக்க வேண்டும், நிறுத்த பிறேக் உழைக்க வேண்டும். குழியில் விழுந்து துள்ளும் சில்லை அடக்குகிற வேலை சொக் அப்சோர்பரின் தலையில்.

கடையில் பாரம் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். நான் இரண்டாம் முறை வீட்டிலிருந்து குளியலறைத் தராசைக் கொண்டுபோனேன். தனியே ஏறி நின்றேன்: 71. ரயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன்: 88. பதினேழு. பக்கத்தில் இருந்த எல்.ரி.யைத் தூக்கினேன்: 93. வேலைசெய்த பொடியன் சிரித்துவிட்டு, பிறகு தானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

நாலாவது: கட்டைகளைப் பாருங்கள்

நிலத்தில் படும் பக்கத்தின் நடுவில் றப்பர்க் கட்டைகள் நெருக்கமாக, ஏறக்குறைய தொடர்ச்சியாக ஓடுகிற ரயர் இரையாது. கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தால் மார்கழி மழையில் ஏ9இல் நல்ல பிடி. அகலப் பள்ளம் சேற்றுக்கு. மணலில் அது தோண்டிக்கொண்டு இறங்கும். மூன்று அடுக்குப் பக்கச் சுவர் கூரான பாறை நிலத்துக்கு. இங்கே நம்மை வாட்டுவது உடைமுள்ளும் ஆணியும். அவை பெரும்பாலும் நிலத்தில் படும் பக்கத்தில்தான் ஏறும், ஒட்டுப் போட்டால் சரி.

சில ரயரில் மூன்று முகட்டு மலையும் நடுவில் பனித்துகளும் பொறித்திருக்கும். பனியில் சோதித்தது என்று அர்த்தம். ஆனையிறவில் வெள்ளையாகக் கிடப்பது உப்பு. அந்தக் குறிக்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

ஐந்தாவது: திகதி, பிறகு பூட்டுதல்

பக்கச் சுவரில் 'டி.ஓ.ரி.' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் ரயர் செய்த காலம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. நாலு ரயரையும் பாருங்கள், ஒன்று பழசாக இருக்கலாம். பூட்டும்போதே பலன்சிங்கும் அலைன்மென்ற்றும் செய்துவிடுங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள்.

ஆறாவது: காற்று

விடியவே, ஓடுவதற்கு முன் அளவுங்கள். ஸ்ரிக்கரில் உள்ளதை அடியுங்கள். மத்தியான வெயிலில் அளவு ஏறியிருக்கும், அதைக் கண்டு இறக்காதீர்கள். என் பழைய எல்.ரி. ரயருக்கு அதே பாரத்தைத் தாங்கக் கூடுதல் காற்று வேண்டியிருந்தது. அது இடித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மணற்காடு, மருதங்கேணிப் பக்கம் மணலில் இறங்குமுன் 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், பாரம் குறைந்த ரயர் தோசை போலப் பரந்து மேலே மிதக்கும். மெதுவாக, ஸ்ரியறிங்கை வெட்டாமல் ஓட்டுங்கள். சிகரெட் லைற்றரில் சொருகும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று பின்சீற்றுக்குக் கீழே கிடக்கட்டும். தாரில் ஏறியதும் முதல் வேலை அதை எடுப்பது. 18இலேயே வீடுவரை வேகமாக ஓடினால் பக்கச் சுவர் சூடேறிப் பிய்ந்துவிடும்.