பார்த்ததே தெரியாத பயந்த முகம்: கவனத்தை அது இழுக்கிறதா என்று சோதிப்பது எப்படி?

உளவியல் ஆய்வகத்தில் என் மாணவர்கள் மிக விரும்பிக் கேட்கும் சோதனை இது. ஒரு கணினியும் இலவச சைக்கோபை மென்பொருளும் போதும்.

முதலில் மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் திரை வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்; அப்படி ஒருமுறை காட்டும் படமே ஃபிரேம், அதன் நேரம் 16.7 மில்லி வினாடி. ஆகவே நேரத்தை மில்லி வினாடியில் எழுதாமல் ஃபிரேம் கணக்கில் எழுதுங்கள். இரண்டு ஃபிரேம் என்றால் 33 மில்லி வினாடி. 1998-இல் உளவியல் ஆய்வாளர் பால் வேலன் குழுவினர் பயந்த முகத்தை அவ்வளவு நேரமே காட்டி, உடனே இயல்பான முகத்தால் மறைத்தார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் பயந்த முகம் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். ஆனால் மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி அதற்கு எதிர்வினை காட்டியது.

கவனத்தை அளக்க, ஒருபுறம் பயந்த முகம், மறுபுறம் அதே ஆளின் இயல்பான முகம். இரண்டையும் வேறொருவரின் முகத்தால் மறைத்து, பிறகு ஒரு பக்கத்தில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி எந்தப் பக்கம் என்று பங்கேற்பவர் விசையை அழுத்துவார். பயந்த முகம் இருந்த பக்கத்தில் விரைவாக அழுத்தினால், கவனம் முன்பே அங்கே போயிருக்கிறது. வித்தியாசம் சில மில்லி வினாடிகள்தான் இருக்கும். ஆகவே முயற்சிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். புள்ளி இரு பக்கமும் சம அளவில் வரட்டும்.

அமிக்டலாவைத் தூண்ட, பயத்தில் விரியும் கண்ணின் வெண்மை மட்டும் இருந்தாலே போதும் என்று வேலன் 2004-இல் காட்டினார். அதனால் முகங்களைத் தலைகீழாக வைத்தும் ஒரு சுற்று நடத்துங்கள்; வெளிச்சம் அப்படியே இருக்கும், உணர்ச்சியை அறிவது கடினமாகும். விளைவு அப்போதும் குறையாவிட்டால், வேலை செய்வது உணர்ச்சியா, வெறும் வெளிச்சமா என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி நான் விட்டுக்கொடுக்காத பகுதி. 'முகம் தெரிந்ததா?' என்று கேட்டு, 'இல்லை' என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். நிச்சயமில்லாதவரும் இல்லை என்றுதான் சொல்வார். அதே திரையில், அதே வெளிச்சத்தில் மீண்டும் காட்டி, பயந்த முகம் இடமா வலமா என்று ஊகித்தாவது சொல்லச் சொல்லுங்கள். குருட்டு ஊகம் 50 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். 2005-இல் லூயிஸ் பெசோவா குழுவினர் சோதித்தபோது, 33 மில்லி வினாடியிலும் பலர் பயந்த முகத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். உங்கள் குழுவும் 50-ஐத் தெளிவாகத் தாண்டினால், ஒரு ஃபிரேமாகக் குறைத்து, புதிய பங்கேற்பாளர்களோடு தொடங்குங்கள். கண்டுபிடித்தவர்களை மட்டும் நீக்கிவிட்டு, மீதிப் பேருக்கு எதுவும் தெரியவில்லை என்று எழுதுவது சரியல்ல. அவர்களில் சிலர் அன்றைய ஊகத்தில் தவறியவர்களாக இருக்கலாம்.

முடிவுகளைக் குழுவின் சராசரியாகவே படியுங்கள். இந்தப் புள்ளிச் சோதனையில் தனி ஒருவரின் மதிப்பெண் நிலையானதல்ல என்று 2005-இல் ஸ்டெஃபான் ஷ்முக்லே காட்டியிருக்கிறார். 'உனக்குப் பதற்றம் அதிகம்' என்று எந்த மாணவரிடமும் இதை வைத்துச் சொல்லாதீர்கள்.