செட்டிநாட்டுச் செம்மண்ணில் 3 நாள் பைக் பயணம்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஆஃப்ரோடு, அதாவது தார்ச்சாலையை விட்டு மண்பாதையில், ஓட்டப் பழகுகிறவர்களுக்குக் காரைக்குடி சுற்றுவட்டாரம் அருமையான இடம். மலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. கீழே விழுந்தால் சிராய்ப்போடு எழுந்துகொள்ளலாம். செம்மண் வண்டிப்பாதை, சரளைப் பொட்டல், வறண்ட ஆற்று மணல், கண்மாய்க் கரை, தைலமரக் காட்டு ஓரம் என்று ஒரே நாளில் ஐந்து விதமான தரையை ஓட்டிப் பார்க்க முடியும். அநேகமாக எங்கிருந்தும் சில கிலோமீட்டரில் தார்ச்சாலை வந்துவிடும்.

இங்கே பயணத்தைக் கெடுப்பது முள்தான். கண்மாய் உள்வாய் (நீர் தேங்கும் உட்பகுதி), வாய்க்கால் ஓரம், புறம்போக்கு என்று எங்கும் சீமைக்கருவேலம் நிற்கிறது. வெட்டிப் போட்ட கிளை பாதையிலேயே கிடக்கும். அதனால் "பஞ்சர் ஆனால் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பாதீர்கள். ஆகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். 4 முதல் 6 வண்டி உள்ள குழுவில் குறைந்தது இருவருக்கு டியூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம்.

எப்போது போவது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வண்டல் தரையில் சக்கரம் சுற்றாது. ஏப்ரல், மே வெயிலில் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டு மெதுவாக ஓட்டினால் வண்டிக்கு முன்னால் ஆள் சூடாகிவிடுவார். தை மாதத்தில் இரண்டைக் கவனியுங்கள். பொங்கலை ஒட்டி மஞ்சுவிரட்டு நடக்கும் ஊர்ப் பக்கம் போக வேண்டாம். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடி, திருப்பத்தூர் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை நிறைய நடப்பார்கள். அந்தச் சாலையைத் தவிர்க்க முடியவில்லை என்றால் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள்.

தங்குமிடத்தை மாற்றாதீர்கள்

தினம் ஒரு ஊரில் தங்கும் திட்டம் கேட்க நன்றாக இருக்கும். புதியவர்களுக்கு அது வேண்டாம். 3 நாளும் காரைக்குடியிலேயே தங்கி, நாளுக்கு ஒரு திசையாகச் சுற்றி வாருங்கள். பெட்டி, துணிமணி எல்லாம் அறையிலேயே இருக்கும். பின்பாரம் இல்லாத வண்டி மணலில் நேராகப் போகும், விழுந்தால் தூக்கலாம், ரிம் அடிபட்டு டியூப் கிழிவதும் குறையும்.

முதல் நாள் வடக்கே: கானாடுகாத்தான், கடியாபட்டி, ராயவரம், அரிமளம், திரும்பும்போது திருமயம். செம்மண்ணும் செம்புராங்கல் சரளையும் பழக இந்தப் பக்கம்தான் நல்லது. இரண்டாம் நாள் மேற்கே: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, திருப்பத்தூர், திரும்பும்போது கீழச்சிவல்பட்டி, ஆத்தங்குடி. மூன்றாம் நாள் தெற்கே: கல்லல், காளையார்கோவில், தேவகோட்டை. இதுதான் நீளம். பகல் 11:30 மணிக்குள் கல்லலைத் தாண்டவில்லை என்றால் காளையார்கோவிலை விட்டுவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிவிடுங்கள்.

ஊருக்கு ஊர் தார்ச்சாலை இருக்கிறது. அதற்கு இணையாக ஓடும் வண்டிப்பாதைகளைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் குறித்து, இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடச் செயலியில் எல்லோருடைய போனிலும் ஏற்றிவையுங்கள். நாளுக்கு 70 முதல் 100 கி.மீ., அதில் மண்பாதை 30 கி.மீ. இருந்தாலே போதும். காலை 6 மணிக்குக் கிளம்பி, 11:30 முதல் 3 மணி வரை நிழலில் இருந்து, 5:30க்குள் தார்ச்சாலைக்கு வந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு மண்பாதையில் முள்ளும் தெரியாது, கிடை ஆடும் தெரியாது.

படத்தில் தெரியும் பாதை தரையில் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஊர்க்காரரிடம் கேளுங்கள். "அண்ணே, இந்தப் பாதையில வண்டி போகுமா?" என்றால் அவர் தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை நினைத்துக்கொண்டு "தாராளமாப் போகும்" என்பார். எக்ஸ்எல் போகிற சந்தில் அகன்ற ஹேண்டில்பாரும் 160 கிலோ வண்டியும் மாட்டிக்கொள்ளும். "டிராக்டர் போகுமாண்ணே? மழைக்கப்புறம் போயிருக்கா?" என்று கேளுங்கள். டிராக்டர் போன தடத்தில் முள் கிளை ஒதுங்கியிருக்கும், தரையும் கெட்டிப்பட்டிருக்கும்.

வண்டி

எக்ஸ்பல்ஸ் 200, ஹிமாலயன் போன்ற மண்பாதைக்கு ஏற்ற வண்டி இருந்தால் நல்லது. ஸ்ப்ளெண்டர், பல்சர் வைத்திருப்பவரை ஒதுக்க வேண்டாம். சரளையும் கெட்டி மண்ணும் அதில் தாராளமாக ஓட்டலாம், மணலைத் தவிர்த்தால் சரி. கிளம்பும் வாரத்தில் இவற்றைப் பாருங்கள்:

டயர் பட்டன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மெல்லிய ரப்பரில் முள் எளிதாக இறங்கும். பழைய டியூபில் மூன்று ஒட்டுக்கு மேல் இருந்தால் புது டியூப் போடுங்கள்.

ஸ்போக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே ஓசை தர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.

செயின் தொய்வு, வண்டிக் கையேட்டில் சொன்ன அளவின் மேல் எல்லையில் இருக்கட்டும். பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங் அடிவாங்கும்.

கிளட்ச், பிரேக் லீவர்களின் பிடியைக் கொஞ்சம் தளர்வாக முடுக்குங்கள். விழும்போது லீவர் திரும்பிக்கொள்ளும், உடையாது. இந்தச் சின்ன வேலையைப் பலரும் செய்வதில்லை.

குழுவுக்குப் பொதுவான பை

ஒவ்வொரு சக்கர அளவுக்கும் ஒரு உபரி டியூப். எல்லாம் எடுத்துப்போக முடியாவிட்டால் 21 அங்குல முன் டியூபை முதலில் எடுங்கள். அவசரத்துக்கு அதை 18 அல்லது 17 அங்குலப் பின்சக்கரத்துக்குள் திணித்து, 30 கி.மீ. வேகத்தில் அடுத்த பஞ்சர் கடை வரை போய்விடலாம். சின்ன டியூபைப் பெரிய சக்கரத்தில் இழுத்துப் போட்டால் கிழியும்.

டயர் லீவர் 3, கைப்பம்பு, காற்று அளவி, ஒட்டுத் துண்டு 10, சொல்யூஷன் 2 டியூப் (ஒன்று காய்ந்துபோயிருக்கும்), உப்புத்தாள், குறடு, எல்லா வண்டியின் ஆக்சில் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர், வால்வு ஊசி 4, கிளட்ச் வயர், கிளட்ச்-பிரேக் லீவர் ஒரு ஜோடி, ஸ்பார்க் பிளக், செயினை இணைக்கும் லாக், எம்-சீல், கட்டுக்கம்பி, ஜிப் டை. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காயத்துக்குத் துணிக்கட்டு. ஸ்பேனர்களை வீட்டிலேயே ஒவ்வொரு வண்டியிலும் மாட்டிப் பாருங்கள். 24 மி.மீ. நட்டுக்கு 22 மி.மீ. ஸ்பேனரோடு பொட்டலில் நிற்பது கொடுமை.

காற்று

டியூப் டயரில் சரளைக்கும் செம்மண்ணுக்கும் முன்னால் 20, பின்னால் 22 பி.எஸ்.ஐ. போதும். மணலுக்கு இன்னும் 3 குறைக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். காற்று குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும். உள்ளே டியூபும் கூடவே இழுபட்டு வால்வு அடியோடு பிய்ந்துவிடும். வால்வு சாய்ந்து நிற்கிறதா என்று நிற்கும் இடத்திலெல்லாம் பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி டயரைத் திருப்பி நேராக்குங்கள். வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடி வரை ஏற்றிவைத்தால் இந்தச் சாய்வு முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும். தார்ச்சாலை ஏறியதும் கையேட்டு அளவுக்கு நிரப்புங்கள்.

டியூப் மாற்றும் முறை

1. கெட்டித் தரையில், நிழலில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து, மறுபக்கம் எஞ்சின் காவல் தகட்டின் அடியில் செம்புராங்கல்லை அண்டக்கொடுத்தால் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஒருவர் வண்டியைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

2. ஆக்சிலைக் கழற்றும்போது புஷ், வாஷர் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று போனில் படம் எடுங்கள். கழற்றியவற்றை மண்ணில் வைக்காமல் துணியில் வையுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக்கை அழுத்தக்கூடாது. பேட் நெருங்கிவிட்டால் டிஸ்க் உள்ளே போகாது.

3. வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் விடுங்கள். டயர் விளிம்பு ரிம்மை விட்டு அசையவில்லை என்றால், இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை விளிம்பின் மேல் வைத்து அந்த வண்டியைச் சாய்த்து அழுத்துங்கள். இரு பக்கமும் விட வேண்டும்.

4. லீவரை வால்வுப் பக்கம் போட்டு நெம்புங்கள். எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளி வைத்திருக்க வேண்டும். மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால்தான் இந்தப் பக்கம் இடம் கிடைக்கும். பலத்தால் நெம்பினால் டியூபோ லீவரோ போகும்.

5. டியூபை உருவி, காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். கருவேலக் கிளையில் ஏறியிருந்தால் இரண்டு, மூன்று இருக்கும்.

6. டயரின் உட்புறத்தைத் துணியால் முழுச் சுற்றும் துடையுங்கள். விரலால் தடவினால் முள் ஏறும். துணி மாட்டும் இடத்தில் முள் முனை இருக்கிறது. சீமைக்கருவேல முள் ரப்பருக்குள் ஒடிந்து, வெளியே தெரியாமல் நிற்கும். வெளியிலிருந்து இழுத்தால் வராது. உள்ளேயிருந்து குறடால் பிடுங்குங்கள். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டால் 2 கி.மீ.யில் அதுவும் போய்விடும்.

7. புது டியூபில் உருண்டு நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வையுங்கள். சுருக்கம் விழாது. டால்கம் பவுடர் பூசினால் இன்னும் நல்லது. ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசி நெம்பலுக்கு முன் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி விடுங்கள். டியூப் லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டாது.

8. 35 பி.எஸ்.ஐ. வரை அடித்து, டயர் பக்கவாட்டில் இருக்கும் கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் நிற்கிறதா பாருங்கள். பிறகு தேவையான அளவுக்கு இறக்குங்கள். ஆக்சிலை இறுக்கியதும், கிளம்பும் முன் பிரேக்கைப் பலமுறை அழுத்திப் பிடிமானம் வரச் செய்யுங்கள்.

டியூபை ஒட்டுவதாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய விட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டியது வெயிலில் பெயர்ந்துவிடும். ட்யூப்லெஸ் டயர் என்றால் ஒட்டுத் திரியை முறுக்கி ஏற்றினால் போதும், சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. முதல் முறையாக இதையெல்லாம் வழியில் செய்யாதீர்கள். வீட்டு வாசலில் இரண்டு தடவை செய்து பாருங்கள்.

தரைக்குத் தகுந்த ஓட்டம்

செம்புராங்கல் சரளை சின்னச் சின்ன உருண்டைகள். கெட்டித் தரையின் மேல் அவை உருளும். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கும், எனவே வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். பின் ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்கும் வசதி இருந்தால் மண்பாதையில் அணைத்துவிடுங்கள். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கைப் பிடித்து, கையைத் தளர்வாக வைத்து, 20 மீட்டர் தள்ளிப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லைப் பார்த்தால் அதன் மேலேயே ஏறுவீர்கள்.

மணலில் பாரத்தைப் பின்னால் சாய்த்து, இரண்டாம் கியரில் ஒரே சீராக ஆக்சிலரேட்டரைத் திறந்து வையுங்கள். ஹேண்டில் ஆடும், ஆட விடுங்கள். சக்கரம் புதைந்தால் மேலும் முறுக்காதீர்கள்; கிளட்ச் கருகும், குழி ஆழமாகும். வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, குழியை மூடி, நிமிர்த்தினால் வெளியே வந்துவிடும்.

வறண்ட கண்மாய் உள்வாய் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். இறங்கும் முன் நடந்து பாருங்கள். குதிகால் அழுந்தினால் வண்டியும் அழுந்தும். வண்டல் அள்ளிய குழிகள் நடுவில் செங்குத்தாக இருக்கும், தூரத்திலிருந்து தெரியாது. கலுங்கின் (கண்மாயின் மிகைநீர் வழியும் இடம்) மேல் தண்ணீர் ஓடினால் பாசி படிந்திருக்கும், இறங்கித் தள்ளுங்கள்.

கண்மாய்க் கரையில் ஈரம் இருக்கும்போது ஏறவே கூடாது. டயர் கீறிய தடத்தில் அடுத்த மழை ஓடி, அந்த இடத்தில் கரை அரிக்கும். கரை உடைந்தால் போவது ஒரு ஊரின் ஒரு போக விளைச்சல்.

வரிசை

வழி தெரிந்தவர் முன்னால். பஞ்சர் பை வைத்திருப்பவர், நன்றாக ஓட்டத் தெரிந்தவர், கடைசியில். பை முன்னால் போனால் பஞ்சர் ஆனவருக்கு அது கிடைக்காது. திருப்பம் வந்தால் இரண்டாவதாக வருபவர் அங்கேயே நின்று, கடைசி வண்டி கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். இப்படிச் செய்தால் போன் சிக்னல் இல்லாமலே யாரும் வழி தவறமாட்டார்கள். முன் வண்டியின் புழுதி அடங்கும் அளவுக்கு, ஏறக்குறைய 100 மீட்டர், இடைவெளி விடுங்கள். புழுதிக்குள் ஓட்டுவதுதான் கூட்டமாகப் போகும்போது நடக்கும் பல விபத்துகளுக்குக் காரணம்.

அடிபட்டால் 108க்கு அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு கண்மாய் அல்லது கோயில் பெயரையும் சொல்லுங்கள். எனவே தாண்டும் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள்.

போகக்கூடாத இடங்கள்

காப்புக்காடு, வேலி போட்ட தைலமரத் தோட்டம், விதைத்த வயல் வரப்பு. அய்யனார் கோயில் காடுகளுக்குள் மண் குதிரைகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். வண்டியை வெளியே நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போங்கள். திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அந்தப் பக்கம் சைலன்சர் சத்தத்தோடு போக நமக்கு உரிமை இல்லை. ஆட்டுக் கிடை எதிரே வந்தால் எஞ்சினை அணைத்து நில்லுங்கள். மேய்ப்பவர் கையைக் காட்டிய பிறகு கிளம்பலாம்.

மாலையில் அரை மணி நேரம்

டயரைச் சுற்றித் துணியால் துடைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைக் குறடால் எடுங்கள். இன்று டியூபைத் தொடாத முள் நாளை தொடும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். செம்மண் புழுதி ஒரே நாளில் அதைச் சிவப்பாக்கிவிடும். காகித ஃபில்டரைத் தட்டி, உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடியுங்கள், கழுவாதீர்கள். செயினைத் துடைத்துவிட்டு எண்ணெயைத் துளியாக விடுங்கள். நிறைய விட்டால் புழுதி ஒட்டி ஸ்ப்ராக்கெட்டை அரைக்கும். நட்டு போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள்.

ஊர் திரும்பியதும் வாட்டர் சர்வீஸ் விடும்போது சக்கர பேரிங், ஹேண்டில் கழுத்து, செயின் ஆகியவற்றின் மேல் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள். வழியில் ஒட்டுப் போட்ட டியூபை அந்த வாரமே கழற்றித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் தூக்கிப் போடுங்கள், வராவிட்டால் அதை உபரி டியூபாக வைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் புதியது போடுங்கள்.