சோஷியல் திருப்புதலில் மார்க் எங்கே நழுவுகிறது?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சமூக அறிவியலில் எது நன்றாகத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். முதல் உலகப்போர் என்பார்கள். நம் தமிழ்நாட்டுப் பாடநூல் அங்கேதான் தொடங்குகிறது, அவ்வளவுதான் காரணம். ஒவ்வொரு திருப்புதல் தேர்வுக்கும் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தால் சரயேவோ படுகொலை மனப்பாடமாகிவிடும். பின்னால் இருக்கும் பொருளியல் ஒருமுறைகூட முழுதாகத் திருப்பப்பட்டிருக்காது. வரிசையை மாற்றுங்கள். ஒரு சுற்று பொருளியலில் தொடங்கட்டும், அடுத்தது குடிமையியலில்.

வரலாற்றில் ஆண்டுகளைத் தனித்தனியாக உருப்போடுவதுதான் பெரிய தவறு. 1910 முதல் 1930 வரை காலக்கோடு வரையச் சொன்னால் 1919-லேயே பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் மூன்றும் வருகின்றன. போதாததற்கு முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்த வெர்சாய்ல்ஸ் உடன்படிக்கையும். எது எதனால் நடந்தது என்று கோத்துப் படித்தால் குழப்பம் வராது. விசாரணையின்றிச் சிறையில் வைக்க ரௌலட் சட்டம் வழிசெய்தது. அதை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தது, ஏப்ரல் 13-இல் அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் கோபமும், துருக்கி கலீஃபாவின் பதவியைக் காக்க எழுந்த கிலாபத் பிரச்சினையும் சேர்ந்து 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்தைக் கொண்டுவந்தன. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டதும் காந்தி அதை நிறுத்தினார். இப்படிப் படித்தவருக்கு ஒரு வருடம் மறந்தாலும் முன்பின் இருப்பதை வைத்துப் பிடித்துவிடலாம்.

இன்னொன்று, ஒரே மாதிரி நிகழ்வுகளின் காரணங்களை மாற்றி எழுதுவது. வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் கேட்டால் கொழுப்பு தடவிய தோட்டா என்று எழுதும் விடைத்தாள் எல்லா வருடமும் வருகிறது. அது 1857 பெரும் புரட்சியின் காரணம். 1806-இல் வேலூர்ச் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது புதிய தலைப்பாகையும், சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவும். இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். தண்டி, வேதாரண்யம் யாத்திரைகளுக்கும் இதே வைத்தியம்தான்.

புவியியலைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. அவுட்லைன் மேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். வெற்றுப் படத்தைக் கையில் கொடுத்தால் வைகை எங்கே போகிறது என்று பேனா தயங்கும். பார்க்காமல் வரைந்து, அப்புறம் ஒப்பிட்டுத் திருத்துங்கள். அதிகம் தவறுவது பருவக்காற்றின் அம்புக்குறியில். காற்றுக்குப் பெயர் அது புறப்படும் திசையை வைத்து வருவது. தென்மேற்குப் பருவக்காற்றின் அம்பு அரபிக்கடலிலிருந்து வடகிழக்கு நோக்கிப் போக வேண்டும். பாதிப் பேர் திருப்பிப் போடுகிறார்கள். மண்ணையும் பயிரையும் வேறுவேறு படங்களில் படிப்பதும் வீண் வேலை. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கரிசல் மண், அதனால் பருத்தி. காவிரி டெல்டாவில் வண்டல், அதனால் நெல். ஒரே படத்தில் இரண்டும் முடிந்துவிடும்.

குடிமையியலில் யாரும் பாடம் தெரியாமல் தவறுவதில்லை, பக்கத்தில் இருப்பதோடு குழப்பித்தான் தவறுகிறார்கள். அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26, நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத், வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் எம்.எல்.ஏ.க்களுக்கு வாக்கு உண்டு, நியமன எம்.பி.க்களுக்குக் கிடையாது, துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இது அப்படியே தலைகீழ். ஒரு மார்க் கேள்வி எடுப்பவர்கள் கண் வைப்பது இந்த ஜோடிகளில்தான்.

பொருளியலுக்கு வந்தால், வரையறையை வரி மாறாமல் ஒப்பிப்பார்கள், ஓர் எடுத்துக்காட்டு கேட்டால் விழிப்பார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இறுதிப் பண்டங்கள் மட்டுமே சேரும் என்பதற்கு ஓட்டல் இட்லி போதும்: ஓட்டல் வாங்கிய அரிசியைத் தனியாகக் கூட்டக்கூடாது, இட்லியின் விலைக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே கொரிய நிறுவனம் செய்யும் கார் நம் உள்நாட்டு உற்பத்திதான். அந்நிறுவனத்தின் கொரிய உரிமையாளர்களுக்குச் சேரும் லாபம் மட்டும், நம் நாட்டவர் ஈட்டுவதைக் கணக்கிடும் மொத்த நாட்டு உற்பத்தியில் கழியும். இந்த இரண்டையும் ஒருமுறை சொந்த வார்த்தையில் எழுதிவிட்டால் வரையறை தானாக வரும். கைடில் இருக்கும் சுருக்கத்தை அடிக்கோடிட்டால் வராது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளோடு நிறுத்துகிறவர்களுக்கும் இங்கேதான் அடி விழுகிறது, பாடத்தின் உள்ளிருந்து கேட்கும் கேள்வியும் வினாத்தாளில் உண்டு.