பாதியில் விழுந்த ஜாபை மறுபடி ஓட்டுவது எப்படி: ஏர்ஃப்ளோவும் போஸ்ட்கிரெஸும்

ராத்திரி 2 மணிக்கு ஏர்ஃப்ளோ (வேலைகளை நேரம் பார்த்து ஓட்டும் மென்பொருள்) ஓட்டும் ஜாப் அது. கடைகளின் முந்தின நாள் பில்களை ஒரு ஏபிஐயிலிருந்து (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் டேட்டா கேட்கும் வழி) எடுத்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போடும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதியிலேயே விழுந்துவிட்டது. காலையில் எழுந்ததும் லேப்டாப்பைத் திறந்து க்ளியர் பட்டனை அழுத்தினேன் (விழுந்ததை மறுபடி ஓட வைப்பது அதுதான்), பச்சை ஆனது, நிம்மதியாக இட்லி சாப்பிடப் போய்விட்டேன். திங்கட்கிழமை அக்கவுண்ட்ஸிலிருந்து ஃபோன்: "சனிக்கிழமை சேல்ஸ் ஏன் இப்படி எகிறியிருக்கு?" விழுவதற்கு முன்னால் உள்ளே போயிருந்த பில்கள் எல்லாம் இரண்டாம் தடவையும் போயிருந்தன.

ஏர்ஃப்ளோ நிறுவுவது, முதல் பைப்லைன் எழுதுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் சொல்வது ஏர்ஃப்ளோ 2-க்கு.

படி 1: ரீட்ரை

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ரீட்ரைஸ் (எத்தனை தடவை மறுபடி முயல்வது) 0 தான், முதல் தவறிலேயே டாஸ்க் சிவப்பாகிவிடும். 3 வையுங்கள். ரீட்ரை டிலே வழக்கமாக 5 நிமிஷம், அது போதும். எதிர்ப்பக்க சர்வர் திணறுகிற ரகமென்றால் எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃபையும் போட்டுவிடுங்கள், இடைவெளி தானாகக் கூடிக்கொண்டே போகும். ஆனால் எல்லாத் தவறுக்கும் ரீட்ரை வேண்டாம். சர்வர் 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய்), 503 (இப்போது முடியாது) என்று சொன்னால் சற்றுப் பொறுத்துக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. 401 என்றால், பாஸ்வேர்டு தப்பு, நூறு தடவை கேட்டாலும் தப்புதான். அந்த இடத்தில் ஏர்ஃப்ளோ ஃபெயில் எக்ஸப்ஷனை எறியுங்கள், மிச்ச ரீட்ரைகளைத் தாண்டி உடனே நின்றுவிடும்.

படி 2: அழித்துவிட்டுப் போடு

இரண்டு தடவை ஓடினாலும் டேபிள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நான் செய்வது: ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் அந்த நாளின் வரிசைகளை டிலீட் செய்து, புதிதாக இன்சர்ட் செய்து, கடைசியில் ஒரே ஒரு கமிட் (நிரந்தரமாகச் சேமி என்ற உத்தரவு). நடுவில் விழுந்தால் எல்லாம் ரோல்பேக், பழைய நிலை அப்படியே இருக்கும். கடைக்கு ஒரு கமிட் என்று லூப்புக்குள் போட்டிருந்தேன், அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்த வேலை.

படி 3: எந்த நாள்?

இங்கேதான் நான் மறுபடி விழுந்தேன், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். படி 2-ஐச் சரிசெய்தபின் புதன்கிழமை அந்த ஞாயிறு ரன்னை க்ளியர் செய்தேன். பச்சை. சனிக்கிழமை பில்கள் இன்னமும் இரட்டையாகவே இருந்தன! ஏனென்றால் "நேற்று" எது என்பதை என் கோட் டேட்டைம் நௌவிலிருந்து (கோட் ஓடும் அந்தக் கணத்தின் நேரம்) கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, புதன்கிழமை ஓட்டினால் அதற்கு நேற்று என்பது செவ்வாய். செவ்வாயை அழித்து, செவ்வாயையே மறுபடி போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது.

கோடில் நௌ என்ற வார்த்தையே இருக்கக் கூடாது. எந்த ரன்னோ அந்த ரன்னின் டேட்டா இன்டர்வல் ஸ்டார்ட்டை (அந்த ரன்னுக்கு உரிய காலப்பகுதியின் தொடக்கம்) எடுங்கள். எடுத்து, நம்மூர் நேரத்துக்கு மாற்றுங்கள், இதை மறந்தால் இன்னொரு அடி: ஏர்ஃப்ளோ உள்ளுக்குள் யுடிசியில் (உலகப் பொது நேரம்) யோசிக்கிறது. ஞாயிறு அதிகாலை 2 மணி ரன்னின் இன்டர்வல் தொடங்குவது சனி அதிகாலை 2 மணிக்கு. அது யுடிசியில் வெள்ளி இரவு 8.30. டெம்ப்ளேட்டில் எல்லோரும் போடும் அந்த டிஎஸ் மாறி (ரன்னின் தேதியைத் தருவது) வெள்ளிக்கிழமைத் தேதியைத்தான் தரும். ஏசியா கொல்கத்தாவுக்கு மாற்றியபின் தேதியை வெட்டுங்கள், வெட்டியபின் மாற்றாதீர்கள்.

படி 4: எடுப்பது வேறு, போடுவது வேறு

ஏபிஐயிலிருந்து எடுத்ததை அப்படியே ஒரு ஃபைலாக, தேதி போட்ட ஃபோல்டரில் வையுங்கள். டேபிளில் போடுவது அடுத்த டாஸ்க். லோடு விழுந்தால் லோடை மட்டும் க்ளியர் செய்தால் போதும், 40 நிமிஷம் மறுபடி எடுக்க வேண்டாம். எக்ஸ்காமில் (டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று சிறு தகவல் கொடுக்கும் இடம்) பெரிய டேட்டாவைத் திணிக்காதீர்கள், சாதாரணமாக அது ஏர்ஃப்ளோவின் சொந்த டேட்டாபேஸில் போய் உட்காரும். ஸ்பார்க் (மிகப் பெரிய டேட்டாவுக்கான கருவி) எல்லாம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: சில லட்சம் வரிசைகளுக்கு போஸ்ட்கிரெஸே தாராளம்.

அலர்ட்டை ஆன் ஃபெயிலியர் கால்பேக்கில் கட்டுங்கள். ரீட்ரை எல்லாம் தீர்ந்தபிறகுதான் அது கூப்பிடும், ராத்திரித் தூக்கம் மிச்சம்.

அப்புறம், லைவ் போகும் முன் ஒரே ரன்னை வேண்டுமென்றே இரண்டு தடவை ஓட்டுங்கள். இரண்டு தடவையும் வரிசை எண்ணிக்கையும் பில் தொகையின் கூட்டலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நாலு நாள் பழைய ரன் ஒன்றையும் க்ளியர் செய்து பாருங்கள்.

சேர்த்தது 1: டிலீட் எதற்கு, ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் (ஏற்கெனவே இருக்கும் வரிசையென்றால் அதையே புதுப்பிப்பது) போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்தே இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் கடைக்காரர் கேன்சல் செய்து, ஏபிஐயிலிருந்தே மறைந்துபோன பில்லை அது தொடாது. நம் டேபிளில் அது பேயாக நின்றுகொண்டிருக்கும்.

சேர்த்தது 2: ஏர்ஃப்ளோ 3-இல் படி 3 வேலை செய்யவில்லை என்று ஒருவர் எழுதினார். சரிதான். அங்கே கிரான் நேரம் (தினமும் 2 மணிக்கு என்பது போன்ற நேர அட்டவணை) கொடுத்தால் இன்டர்வலின் தொடக்கமும் முடிவும் ஒன்றே, ரன் ஓட வேண்டிய அந்த நேரம். பழையபடி வேண்டுமென்றால் கிரான் டேட்டா இன்டர்வல் டைம்டேபிள் என்று நீங்களே கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்த நேரத்தை நம்மூர் நேரத்துக்கு மாற்றி ஒரு நாளைக் கழியுங்கள், நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.